வீட்டுக்காரரே கூப்பிட்டாலும் வாடகைக்காரரின் பூட்டைத் திறக்கலாமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறேன். வீடியோ பார்த்துப் பழகி, சாவி இல்லாமல் கம்பியாலேயே பூட்டுத் திறக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். தாக்கோல் தொலைத்தவர்கள் கூப்பிடுகிறார்கள். போன வாரம் ஒரு வீட்டுக்காரர், "வாடகைக்காரன் மூணு மாசமா வாடகை தரல்ல, பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டான், வந்து திறந்து குடு தம்பி" என்று பத்திரத்தைக் காட்டினார். நான் போகவில்லை. சரிதானா? இந்தக் கம்பிகளை வைத்திருப்பதே குற்றமா?

பதில்: போகாதது ரொம்ப நல்லது. வீடு யாருக்குச் சொந்தம் என்பதைப் பத்திரம் சொல்லும். பூட்டில் கை வைக்கும்போது சட்டம் பார்ப்பது, வீடு இப்போது யார் சுவாதீனத்தில் இருக்கிறது என்பதை. வாடகை பாக்கி இருந்தாலும், பூட்டிவிட்டு ஊருக்குப் போனாலும், சுவாதீனம் வாடகைக்காரரிடம்தான். ஒற்றிக்கு இருப்பவருக்கும் இதே கதைதான்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 330-ஆம் பிரிவைப் பாருங்கள். அத்துமீறி நுழைவதற்காகப் பூட்டைத் திறந்து உள்ளே போனாலே அது வீடு உடைத்தல். உடைக்கவே வேண்டாம், ஒரு கீறல் விழாமல் கம்பியால் திறந்தாலும் பெயர் அதுதான். 331-ஆம் பிரிவுப்படி இதற்கு 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. பொழுது சாய்ந்த பிறகு செய்தால் 3 ஆண்டு வரை. நோக்கம் என்ன என்பதையும் நீதிமன்றம் பார்க்கும்தான். ஆனால் குடியிருப்பவரின் சாமானைத் தூக்கி வெளியே போடப் போகிறார்கள் என்று தெரிந்தே திறந்து கொடுத்துவிட்டு, "நான் கூலிக்குத் திறந்தேன்" என்றால் எடுபடாது.

அந்த வீட்டுக்காரருக்கு வழி இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, வீட்டைப் பார்க்க நுழைவதென்றால்கூட 24 மணி நேரம் முன்பே எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். காலி செய்ய வைக்க வாடகை நீதிமன்றம் போக வேண்டும். அவசரப்பட்டுப் பூட்டை மாற்றினால், வெளியேற்றப்பட்டவர் 1963 குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் (Specific Relief Act) 6-ஆம் பிரிவில் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டுத் திரும்ப உள்ளே வந்துவிடலாம். அந்த வழக்கில் பத்திரம் பேசாது.

சரி, யாருக்குத் திறக்கலாம்? சில வருடம் முன்பு நாகர்கோவிலில் என் அலுவலகச் சாவியைத் தொலைத்துவிட்டு ஒரு பூட்டுக்காரரைக் கூப்பிட்டேன். வாசலில் என் பெயர்ப்பலகை, தோளில் கறுப்புக் கோட்டு. மனிதர் அசையவில்லை, ஆதாரைக் கேட்டார், கரண்டு பில் கேட்டார், பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரையும் அழைத்து, "இவருதானா?" என்றார். எனக்குக் கோபம்தான். அப்புறம்தான் வளைந்த தகட்டைச் சாவித் துளையில் வைத்துச் சுண்டுவிரலால் அழுத்தியபடி, மெல்லிய கம்பியால் பூட்டுக்குள் இருக்கும் சின்னச் சின்னப் பின்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளினார். ஒவ்வொன்றும் எழும்பி நிற்கையில் நகம் சொடுக்குவது போல் ஒரு சத்தம். ஐந்தாவதில் பூட்டு சுற்றியது. நீங்களும் அப்படியே கேளுங்கள், செல்போனில் படமெடுத்து வையுங்கள். கோபப்படுகிறவர் கோபப்படட்டும்.

நம் மாவட்டத்தில் கூடுதல் தலைவலி வளைகுடா. துபாயிலிருந்து அண்ணன் வீடியோ காலில் வந்து "என் வீடுதான், திற" என்பார். சண்டை போட்டுச் சாவியோடு தாய்வீட்டுக்குப் போன அண்ணி பற்றி வாய் திறக்கமாட்டார். குடும்பப் பிரச்சினை வாடை வந்தால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் போகமாட்டேன்.

உள்ளே குழந்தை மாட்டிக்கொண்டது, கேஸ் வாடை வருகிறது, வயதானவர் விழுந்து கிடக்கிறார் என்றால் யோசிக்காதீர்கள். பெரிய தீங்கைத் தடுக்க நல்லெண்ணத்தில் செய்வதற்கு சன்ஹிதாவின் 19-ஆம் பிரிவில் பாதுகாப்பு இருக்கிறது. 112-க்குச் சொல்லிவிட்டு, நாலு பேர் முன்னால் திறந்துவிடுங்கள்.

கம்பி வைத்திருப்பதை மட்டும் குற்றமாக்கும் பிரிவு சன்ஹிதாவில் இல்லை. கடையில் இருக்கட்டும். நள்ளிரவில் யாரோ வீட்டு மதில் ஓரம் அதோடு நின்றால் போலீஸ் கேட்கும், கேட்கத்தான் செய்யும்.

பழகுவதற்குச் சொந்தப் பூட்டு வாங்கி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல் பூட்டு ஒன்றையும் முயன்று பாருங்கள். உள்ளே பின்னுக்குப் பதில் லீவர் தகடுகள், வீடியோ வித்தை அங்கே பலிக்காது. கடை ஷட்டர் பூட்டில் மட்டும் வேண்டாம். பின் ஒன்று சிக்கிக்கொண்டால் காலையில் வெளியே நிற்பது நீங்கள்தான்.