நெட் வேகத்தைக் கூட்டினால் கேமில் லேக் குறையுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் 40 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. ரவுட்டர் கீழே ஹாலில் உள்ளது. கல்லூரியில் படிக்கும் என் மகன் மாடி அறையில் வைஃபை மூலம் கம்ப்யூட்டரில் ‘வேலரண்ட்’ என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை விளையாட்டை விளையாடுகிறான். பகலில் சிக்கல் இல்லை. இரவு எட்டு மணிக்கு மேல், குறிப்பாக அவன் அப்பா வேலை முடிந்து வந்த பிறகு, லேக் ஆகிறது, அதாவது விளையாட்டு தாமதமாகித் தடுமாறுகிறது என்கிறான். 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினால் சரியாகிவிடும் என்று தினமும் நச்சரிக்கிறான். மாதக் கட்டணம் ஏறக்குறைய இரு மடங்காகும். மாறலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: இப்போதைக்கு மாற வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், கூடுதல் பணம் கட்டிய பிறகும் உங்கள் மகன் இதே குறையைச் சொல்வதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

எம்பிபிஎஸ் என்பது ஒரு விநாடியில் எவ்வளவு தரவு வந்து சேரும் என்பதற்கான அளவு. விளையாட்டுக்கு முக்கியம் அதுவன்று. ஒரு சிறு தகவல், விளையாட்டை நடத்தும் கணினியான சர்வருக்குப் போய்த் திரும்புவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான். விளையாடுபவர்கள் ‘பிங்’ என்று சொல்வது இதையே. அதை மில்லி விநாடியில், அதாவது விநாடியை ஆயிரமாகப் பிரித்து, கணக்கிடுகிறார்கள். படங்கள், ஒலிகள், வரைபடங்கள் எல்லாம் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இறங்கிவிட்டதால், விளையாடும்போது யார் எங்கே நகர்ந்தார், எந்தத் திசையில் சுட்டார் என்ற தகவல்கள் மட்டுமே போய் வருகின்றன. அதற்கு ஓரிரு எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம். இணையத்தில் தரவு ‘பாக்கெட்’ என்ற சிறு பொட்டலங்களாகத்தான் போகிறது. ஒரு பாக்கெட்டின் அளவு வழக்கமாக அதிகபட்சம் 1,500 பைட், அதாவது 12,000 பிட். 40 எம்பிபிஎஸ் இணைப்பில் அதை அனுப்பி முடிக்க 0.3 மில்லி விநாடி ஆகும். 300 எம்பிபிஎஸ்ஸில் 0.04 மில்லி விநாடி ஆகும். இரு மடங்கு கட்டணத்துக்கு இந்த வகையில் மிச்சமாவது கால் மில்லி விநாடி மட்டுமே.

மீதி நேரம் எங்கே போகிறது? முதலாவது, தூரம். ‘வேலரண்ட்’ விளையாட்டின் இந்தியச் சர்வர்கள் மும்பையில் உள்ளன. ஈரோட்டிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் செல்லும் என்பதால், போய்வர 10 மில்லி விநாடி கட்டாயம் ஆகும். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, இடையில் பல ரவுட்டர்களையும் கடக்க வேண்டும். ஆகவே பிங் 30 அல்லது 40 என்று காட்டினால் அது இயல்பானது, விளையாட்டுக்குப் போதுமானது. இந்தத் தூரத்தை எந்தத் திட்டமும் குறைக்காது.

இரண்டாவது, நெரிசல். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது, கணவர் வந்த பிறகு லேக் ஆகிறது என்ற வரி. பெரும்பாலான ஃபோன்களில், எடுத்த படங்களும் வீடியோக்களும் வைஃபை கிடைக்கும்போது மட்டும் கூகுள் ஃபோட்டோஸ் போன்ற இடங்களுக்கு ஏறும்படி அமைக்கப்பட்டிருக்கும். பகல் முழுவதும் சேர்ந்தவை, அவர் வீட்டுக்குள் நுழைந்து ஃபோன் வைஃபையைப் பிடித்ததும் மொத்தமாக ஏறத் தொடங்கும். மாதச் சாமான் முழுவதும் வாங்குபவர்களுக்குப் பின்னால், ஒரு பாக்கெட் உப்புக்காக மளிகைக் கடையில் நிற்பவரைப் போல, விளையாட்டின் சின்னஞ்சிறு பாக்கெட் அந்தத் தரவுக்குப் பின்னால் ரவுட்டரில் காத்து நிற்கிறது. வரிசையில் ஒரு மெகாபைட் தரவு நின்றால், 40 எம்பிபிஎஸ் வேகத்தில் அது கரைய 200 மில்லி விநாடி ஆகும். அப்போது 30 ஆக இருந்த பிங் 230 ஆகிவிடும். ஜிம் கெட்டிஸ் என்ற கணினிப் பொறியாளர் 2010 வாக்கில் ‘பஃபர்ப்ளோட்’ என்ற பெயரில் எடுத்துக்காட்டிய குறை இதுதான். ரவுட்டருக்குள் அளவுக்கு மீறி நினைவகத்தை வைத்ததால், பாக்கெட்டுகள் நிராகரிக்கப்படாமல் தேங்கி நின்று தாமதத்தை வளர்க்கின்றன.

உங்கள் மகன் சொல்வதில் உண்மை இருப்பது இந்த ஓர் இடத்தில்தான். அதே ஒரு மெகாபைட், 300 எம்பிபிஎஸ்ஸில் 27 மில்லி விநாடியில் கரைந்துவிடும். ஆனால் அந்த வேகம் மாடி அறை வரை போக வேண்டுமே! கான்கிரீட் தளத்தைக் கடந்து 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் விளையாடும்போது, பல வீடுகளில் 40 எம்பிபிஎஸ்கூட முழுதாகக் கிடைப்பதில்லை. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான். இரவு எட்டு மணிக்கு அக்கம்பக்கத்து வீடுகளின் ரவுட்டர்களும் அவற்றையே பங்கிட்டுக்கொள்கின்றன. நெரிசல் வைஃபையில் இருக்கும்போது ஃபைபரை அகலமாக்கிப் பயனில்லை.

ஆகவே முதலில் சோதித்துப் பாருங்கள். ‘வேலரண்ட்’ செட்டிங்ஸில் வீடியோ பகுதிக்குள் ‘ஸ்டாட்ஸ்’ என்று இருக்கிறது. அதில் எஃப்பிஎஸ் (ஒரு விநாடியில் திரையில் மாறும் படங்களின் எண்ணிக்கை), நெட்வொர்க் தாமதம், பாக்கெட் இழப்பு மூன்றையும் திரையில் தெரியும்படி வைக்கச் சொல்லுங்கள். தடுமாறும் நேரத்தில் எஃப்பிஎஸ் மட்டும் சரிந்தால் பழுது கம்ப்யூட்டரில். இணையத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. தாமதம் ஏறினால், அதே நேரத்தில் கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டரின் முகவரிக்கு (பல வீடுகளில் 192.168.1.1, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்) கமாண்ட் ப்ராம்ப்டில் ‘ping’ கட்டளை கொடுத்துப் பாருங்கள். வீட்டுக்குள்ளேயே இருக்கும் ரவுட்டர் ஐந்து மில்லி விநாடிக்குள் பதில் தர வேண்டும். அதுவே ஐம்பது, நூறு என்று தாவினால் குற்றவாளி வைஃபை. அது சீராக இருந்தால் ஃபாஸ்ட் டாட் காம் தளத்தில் வேகத்தைச் சோதித்து, கூடுதல் விவரங்களில் இணைப்பு ஓய்வாக இருக்கும்போதும் சுமையோடு இருக்கும்போதும் ஆகும் தாமதத்தை ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால் வரிசைதான் காரணம்.

வைஃபைக்குச் சிறந்த மருந்து, ஹாலிலிருந்து மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுப்பது. ஒரு முறை செலவோடு முடிந்துவிடும். நான் முதலில் செய்யச் சொல்வதும் இதைத்தான். அது முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றி, ரவுட்டரை மாடிப்படிக்கு அருகே உயரமாக வையுங்கள். வரிசைக்கு மருந்து, கணவரின் ஃபோனில் பேக்கப்பை நள்ளிரவுக்குத் தள்ளுவது. ரவுட்டரில் ‘எஸ்க்யூஎம்’ வசதி இருந்தால் அதை இயக்கி, உண்மையில் கிடைக்கும் வேகத்தில் 90 சதவீதத்தை உச்சவரம்பாகக் கொடுப்பது. கேத்லீன் நிக்கோல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் 2012இல் வெளியிட்ட ‘கோடெல்’ முறையை அடிப்படையாகக் கொண்ட அந்த வசதி, வரிசையை வளரவிடாமல் பார்த்துக்கொள்கிறது. இவ்வளவும் செய்த பிறகும், வீட்டில் யாரும் இணையத்தைப் பயன்படுத்தாதபோதே இரவில் பிங் ஏறினால், நெரிசல் நிறுவனத்தின் பக்கம் இருக்கிறது. எடுத்த அளவுகளை நேரத்தோடு குறித்துவைத்துப் புகார் கொடுங்கள்.

100 ஜிபி விளையாட்டை இறக்க 40 எம்பிபிஎஸ்ஸில் ஐந்தரை மணி நேரமும், 300 எம்பிபிஎஸ்ஸில் முக்கால் மணி நேரமும் ஆகும். அந்தக் காத்திருப்புதான் தொல்லை என்றால் திட்டத்தை மாற்றுவதில் பொருள் உண்டு.

கேள்வி: நண்பர்கள் சிங்கப்பூரில் இருப்பதால் அங்குள்ள சர்வரில்தான் விளையாடுகிறேன். சென்னையில் 100 எம்பிபிஎஸ் இணைப்பில் பிங் 40ஐ ஒட்டியே நிற்கிறது. 1 ஜிபிபிஎஸ் (1,000 எம்பிபிஎஸ்) எடுத்தால் 20க்கு இறங்குமா?
– வாசகர், சென்னை

பதில்: இறங்காது. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ‘ஐ2ஐ’ கடலடி கேபிளின் நீளம் 3,200 கிலோமீட்டர். ஒளி அதில் போய்வர மட்டுமே 32 மில்லி விநாடி ஆகும் என்பதால், 40 என்பது அநேகமாகக் கடைசி எல்லை. உங்கள் இணைப்பு மிக நன்றாக இருக்கிறது. இதே சர்வருக்கு 80, 100 என்று காட்டியிருந்தால், தரவு வேறு ஊர் வழியாகச் சுற்றிப் போகிறதா என்று நிறுவனத்திடம் கேட்கச் சொல்லியிருப்பேன். பாதை மாறினால் தாமதம் மாறும். 2025 செப்டம்பரில் செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது, வேகத் திட்டம் எதுவானாலும், அவ்வழியே போன தரவு சுற்றுப்பாதையில் தாமதமாகப் போக நேர்ந்தது.

கேள்வி: எங்கள் தெருவுக்கு ஃபைபர் வரவில்லை. 5ஜி வீட்டு இணைப்பில் ஸ்பீட் டெஸ்ட் 100 எம்பிபிஎஸ் காட்டுகிறது. ஆனாலும் விளையாட்டு அவ்வப்போது துள்ளுகிறதே, ஏன்?
– வாசகர், தென்காசி

பதில்: சராசரி பிங் குறைவாக இருந்தாலும், ஒரு பாக்கெட் 30 மில்லி விநாடியிலும் அடுத்தது 90இலும் வந்தால் திரையில் எதிராளி துள்ளத்தான் செய்வார். இதற்கு ‘ஜிட்டர்’ என்று பெயர். டவரின் அலைவரிசையைச் சுற்றுவட்டாரத்தில் உள்ள எல்லோரும் பகிர்ந்துகொள்வதால், கம்பியில் கிடைக்கும் சீர்மை காற்றில் கிடைப்பதில்லை. வெளியே பொருத்திய ஆன்டெனா டவரை நேராகப் பார்க்கிறதா என்று சரிபார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள்ளாவது வைஃபையைத் தவிர்த்து லேன் கேபிள் போடுங்கள். உங்கள் தெருவுக்கு ஃபைபர் வரும் நாளில், விளையாட்டுக்கு அதில் 30 எம்பிபிஎஸ் திட்டமே இந்த 100ஐவிட நன்றாக இருக்கும்.