வாக்கியத்தின் வால் காணாமல் போகிறது

திங்கட்கிழமைக் கூட்டத்தில் குரல் நடுங்குகிறது, மேலாளர் ‘என்ன சொன்னீங்க?’ என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அதே கதைதான். ஒருநாள் என் பேச்சைப் போனில் பதிவு செய்து கேட்டேன். தொடக்கம் தெளிவு; கடைசிச் சொல்லுக்கு வரும்போது மூச்சு தீர்ந்துவிடுகிறது. தமிழில் வினைச்சொல் கடைசியில்தானே வரும்? ‘பில்லை’ வரை கேட்கும். ‘அனுப்பிவிட்டேனா’, ‘அனுப்பவில்லையா’ என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரியாது.

அதனால் சத்தத்தைக் கூட்டாதீர்கள், தொண்டைதான் கட்டும். வாக்கியத்தைச் சுருக்குங்கள். ஒன்று முடிந்ததும் வாயை மூடி, மூக்கால் மூச்சிழுத்து, அப்புறம் அடுத்தது. அந்த இடைவெளி உங்களுக்குத்தான் யுகமாகத் தெரியும்.

கூட்டத்துக்கு முன் தம்ளரில் பாதி தண்ணீர் வைத்து, ஸ்ட்ராவின் நுனியை இரண்டு விரற்கடை முக்கி, குமிழி வர ‘ஊ’ என்று மெல்ல ஊதுங்கள். குரல் பயிற்சியாளர்கள் வழக்கமாகச் சொல்லித்தருவதுதான். குரல்நாண்கள் இறுக்கமில்லாமல் அதிரப் பழகும். நான் பேன்ட்ரியில் செய்து மாட்டிக்கொண்டேன், நீங்கள் வீட்டிலேயே முடித்துவிடுங்கள்.

முதல் வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். முழுவதையும் செய்தால் நடுவில் ஒரு சொல் மறந்தாலும் மொத்தமும் போய்விடும். அடுத்த திங்கள் எப்படிப் போனது என்று எழுதுங்கள்.