இப்போதுள்ள ஸ்டாண்ட் ஆடுகிறது. 600 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டுக்கு 1.6 மி.மீ. தடிமனுள்ள இரும்புக் குழாய் போதுமா?

3 மி.மீ. வாங்குங்கள். 50க்கு 50 மி.மீ. சதுரக் குழாய், நான்கடி உயரம், 600 லிட்டர் தொட்டி என்றால் அதுதான் என் பதில்.

தண்ணீர் மட்டுமே 600 கிலோ. காலுக்கு 150 கிலோதான் வரும், நேராக நிற்கும்வரை 1.6 மி.மீ. கூட அதைத் தாங்கும். ஆனால் நம் சுங்கை சிப்புட் மழைக்கு அரை மில்லி துரு தின்றால் 1.6-இல் என்ன மிஞ்சும்? மெல்லிய குழாயில் வெல்டிங் வைக்கும்போது ஓட்டை விழுவதும் சகஜம்.

இப்போதுள்ள ஸ்டாண்ட் ஆடுகிறது என்கிறீர்களே, அதற்குத் தடிமன் காரணமாக இருக்காது. கால்களுக்கு நடுவே குறுக்குச் சட்டம் இல்லை என்று நினைக்கிறேன். நான்கு பக்கமும் மூலைவிட்டமாக ஒரு கம்பி பற்றவையுங்கள். கால்களுக்கு அடியில் தகடு வைத்துக் கான்கிரீட்டில் போல்ட் போடுங்கள், வெறும் மண்ணில் வேண்டாம்.

அப்புறம் தொட்டியைப் பாதி நிரப்பி, மேல் சட்டத்தின் அடியில் நூல் கட்டிப் பாருங்கள். நான்கடி நீளத்தில் 2 மி.மீ.க்கு மேல் தொய்ந்தால் நடுவில் இன்னொரு சட்டம் சேர்க்க வேண்டும். குழாய் வாங்கும்போது வெட்டிய முனையில் தடிமனைக் கேலிப்பரால் அளந்துவிடுங்கள்.

ஸ்டாண்ட் ஆறடியைத் தாண்டினாலோ, கூரைமேல் வைப்பதானாலோ என் கணக்கை நம்ப வேண்டாம், பொறியாளரிடம் காட்டுங்கள். அடியில் பிள்ளைகள் விளையாடுவார்கள்.