யார் வீட்டுப் பூனை?

அன்புள்ள ஐயா,

வேலைக்காக வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகருக்கு வந்து ஓராண்டாகிறது. மாலை வகுப்பில் இந்நாட்டு மொழியான வெல்ஷ் படிக்கிறேன். பூனைக்கு ‘காத்’ என்று மனப்பாடம் செய்தேன். ‘என் பூனை’ என்றால் ‘வ ஙாத்’ என்கிறார்கள். அவன் பூனைக்கு ஒன்று, அவள் பூனைக்கு இன்னொன்று. முதலெழுத்தே மாறினால் அகராதியில் எங்கே தேடுவது? இதில் ஒழுங்கு ஏதும் உண்டா, எல்லாம் உருப்போட வேண்டியதுதானா?

ர.

அன்புள்ள ர.,

ஒழுங்கு உண்டு. உங்கள் காதுக்கு அது பழக்கமானதும்கூட.

‘பாக்கு’, ‘தங்கம்’, ‘பகல்’ மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ககரம் ஒன்றுதான், ஒலி மூன்று. பக்கத்து ஒலிக்கு ஏற்ப நாக்கு தானாக வளைந்துகொடுக்கிறது. வெல்ஷிலும் பழங்காலத்தில் இதுதான் நடந்தது. ‘அவனுடைய’ என்ற சொல் அப்போது உயிரொலியில் முடிந்தது; அடுத்து வந்த ககரம் தளர்ந்து, ‘தங்க’த்தில் கேட்கிற ககரமானது. ‘அவளுடைய’ ஸகரத்தில் முடிந்தது. அதன்பின் வந்த ககரம் தொண்டையில் உரசும் ஒலியானது. ‘என்னுடைய’ என்பதன் ஈற்றில் மெல்லெழுத்து இருந்தது, அதனால்தான் ‘ஙாத்’. பிறகு அந்த ஈறுகள் தேய்ந்துபோயின, மாற்றங்கள் மட்டும் தங்கிவிட்டன. இன்று பேச்சில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே ‘ஈ’தான். பூனையின் முதலெழுத்தைக் கேட்டாலே அது யார் வீட்டுப் பூனை என்று தெரிந்துவிடும். எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த இடம் இது.

சரி, அகராதி. ஙகரத்தில் தொடங்கும் சொல்லைக் ககர ஒலிக்குரிய ‘சி’யிலோ ‘ஜி’யிலோ தேடுங்கள். உயிரில் தொடங்கும் சொல் கிடைக்காவிட்டால் முன்னால் ஒரு ‘ஜி’ எழுத்தைச் சேர்த்துப் பாருங்கள். தோட்டத்துக்கு ‘கார்த்’; ‘அந்தத் தோட்டம்’ என்னும்போது அந்த ‘ஜி’ அடியோடு மறைந்து ‘அர் ஆர்த்’ ஆகிவிடும்.

அப்புறம் ஒன்று. வெல்ஷை ஆங்கிலம் வழியாக யோசிக்காதீர்கள். பூனை இருக்கிறதா என்று கேட்டால் பொதுவான ‘ஆமாம்’ சொல்ல மாட்டார்கள், ‘ஓய்ஸ்’ என்பார்கள். இருக்கிறது என்று பொருள். நாமும் அப்படித்தானே சொல்கிறோம்? உடைமையைச் சொல்ல அங்கே தனி வினை கிடையாது. ‘என்னிடம் பூனை இருக்கிறது’ என்கிற நம் அமைப்புதான். சளி பிடித்தாலோ ‘என் மேல் சளி இருக்கிறது’ என்பார்கள்.

வேல்ஸ் எல்லையில் ‘க்ரோய்சோ இ கம்ரி’ (வேல்ஸுக்கு நல்வரவு) என்ற வரவேற்புப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். நாட்டின் பெயர் ‘சி’ எழுத்தில் தொடங்குவது. பலகையில் ‘ஜி’ இருக்கும். முன்னால் நிற்கும் அந்தச் சின்ன ‘இ’ செய்த வேலை அது.