வயர்லெஸ் கேமிங் மவுஸ் நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"டிபிஐ அதிகமாக இருந்தால் நல்ல மவுஸ்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. டிபிஐ என்பது மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் கர்சர் எத்தனை புள்ளி நகரும் என்ற அளவு. பெட்டியில் 26,000 என்று போட்டிருந்தாலும், துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் பெரும்பாலானோர் வைத்துக்கொள்வது 400 முதல் 1,600 வரைதான்.

முதலில் உங்கள் பிடியைக் கவனியுங்கள். உள்ளங்கை முழுவதையும் சாய்த்துப் பிடிப்பவருக்கு முதுகு உயர்ந்த, நீளமான மவுஸ் பொருந்தும். விரல்நுனியால் மட்டும் பிடிப்பவருக்குச் சின்னதும் தட்டையானதும் தோது. இரண்டு நிமிடம் பிடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு மணி நேரம் ஆடிய பிறகு சுண்டுவிரல் மவுஸ்பேடில் உரசுகிறதா, மணிக்கட்டு வலிக்கிறதா என்று பாருங்கள். வலித்தால், அசைவை உணரும் சென்சார் எவ்வளவு உயர்ந்ததானாலும் அது உங்களுக்கான மவுஸ் இல்லை. எடையும் முக்கியம். மவுஸைத் தூக்கித் தூக்கி வைத்து ஆடுபவருக்கு 60 கிராமுக்கும் 100 கிராமுக்கும் உள்ள வித்தியாசம் உடனே புரிந்துவிடும்.

அடுத்து, மவுஸ் தன் அசைவைக் கணினிக்குத் தெரிவிக்கும் வேகம். 1,000 ஹெர்ட்ஸ் என்றால் 1 மில்லிநொடிக்கு ஒருமுறை தகவல் கணினிக்குப் போகிறது. என்னைக் கேட்டால் அதுவே போதும். 4,000, 8,000 எல்லாம் பேட்டரியைச் சீக்கிரம் குடித்துவிடும்.

விளையாடும்போது புளூடூத் வேண்டவே வேண்டாம். கூடவே வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளை (யுஎஸ்பி போர்ட்டில் செருகும் சின்ன ரிசீவர்) பயன்படுத்துங்கள். அதைக் கணினியின் பின்பக்கம் செருகாமல், நீட்டிப்பு கேபிள் போட்டு மவுஸுக்குப் பக்கத்தில் வையுங்கள். யுஎஸ்பி 3.0 போர்ட்டிலிருந்து எழும் இரைச்சல் அதே அலைவரிசையில் குறுக்கிடும். கர்சர் திக்கித் திக்கி நகர்ந்த என் மவுஸ், இதைச் செய்ததுமே சரியாகிவிட்டது.