மக்களவையில் பெரும்பான்மை இருந்தாலே மசோதா சட்டமாகிவிடுமா?

ஆகாது. மக்களவை அதில் ஒரு படிதான்.

முதலில் மசோதாவை அறிமுகம் செய்வார்கள். அப்போது விவாதம் பெரிதாக இருக்காது. அப்புறம் பொது விவாதம், தேவைப்பட்டால் குழுவின் ஆய்வு. அது முடிந்து ஒவ்வொரு பிரிவாக வாக்கெடுக்கும் கட்டம்தான் முக்கியம். ஒரு சொல்லை மாற்றவும் திருத்தம் கொடுக்கலாம். பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பிலேயே முடித்துவிடுவார்கள். யாராவது ஏற்காமல் டிவிஷன், அதாவது வாக்குகளை எண்ணிப் பதியும் வாக்கெடுப்பு, கேட்டால் மூன்றரை நிமிடம் மணி அடிக்கும், வெளியே இருக்கும் உறுப்பினர்கள் ஓடி வருவார்கள், பிறகு கதவை அடைத்துவிட்டு எண்ணுவார்கள். யார் எப்படி வாக்களித்தார் என்பது பதிவாவது இதில்தான். முக்கியமான மசோதா எதற்கும் டிவிஷன் கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்து மாநிலங்களவை. அங்கே தோற்றால் குடியரசுத் தலைவர் இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தை அழைக்கலாம். 2002 மார்ச்சில் பயங்கரவாதத் தடுப்புக்கான பொடா மசோதா மாநிலங்களவையில் தோற்று, கூட்டுக் கூட்டத்தில் 425க்கு 296 என்று நிறைவேறியது. அதற்கு முன் 1961இலும் 1978இலும் மட்டுமே இப்படி நடந்திருந்தது. அரசியல் சட்டத் திருத்தத்துக்கு இந்த வழி கிடையாது, இரு அவைகளும் தனித்தனியே நிறைவேற்றியாக வேண்டும். அப்படிப்பட்ட திருத்தமான மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா 2010இல் மாநிலங்களவையைத் தாண்டியும், மக்களவை எடுத்துக்கொள்ளாததால் 2014இல் காலாவதியானது. மாநிலங்களவையைத் தாண்டிப் பதின்மூன்று ஆண்டு கழித்து, 2023இல் புதிய மசோதாவாக வந்துதான் நிறைவேறியது.

கடைசியாகக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல். அவர் திருப்பி அனுப்பலாம், ஆனால் இரு அவைகளும் மறுபடி நிறைவேற்றினால் கையெழுத்திட்டே ஆக வேண்டும். வரி, அரசுச் செலவு போன்றவற்றை மட்டுமே பற்றிய பண மசோதா என்றால் கதை வேறு: மாநிலங்களவைக்கு 14 நாள்தான், பரிந்துரை மட்டுமே செய்யலாம்.