தண்ணீர் சென்சார்: கேட்டவையும் பதில்களும்

கே: டிடிஎஸ் மீட்டரில் 180 காட்டுகிறது சார். நம்பிக் குடிக்கலாமா?

டிடிஎஸ் என்றால் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு. ஆனால் மீட்டர் நேரடியாக அளப்பது தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனை மட்டும். ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது குடிநீருக்கான இந்தியத் தர அளவுகோல் ஐ.எஸ். 10500. பத்து மடங்கு இருந்தாலும் உங்கள் மீட்டர் 180-லேயே நிற்கும். கிருமியும் அதற்குத் தெரியாது.

கே: தர்மபுரி பக்கம் போர்வெல் தண்ணீர். பிள்ளைகள் பல்லில் பழுப்புக் கறை. புளோரைடு சென்சார் வாங்கலாமா?

பள்ளியோ பஞ்சாயத்தோ சேர்ந்து வாங்கினால் சரி. லாந்தனம் புளோரைடு படிகம் வைத்த மின்முனை அது. மாதிரித் தண்ணீரோடு சம அளவு டிஸாப் (புளோரைடைப் பிற உலோகங்களிடமிருந்து விடுவிக்கும்) கரைசலைக் கலந்துதான் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரில் உள்ள அலுமினியமும் இரும்பும் புளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அளவு குறைத்துக் காட்டும். முதலில் லிட்டருக்கு 1, 10 மில்லிகிராம் புளோரைடு உள்ள கரைசல்களில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 57 மில்லிவோல்ட் வித்தியாசம் வரவேண்டும். 40தான் வருகிறதென்றால் அந்த மின்முனையை நம்பாதீர்கள். குடிநீரில் புளோரைடு வரம்பு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 1.5. அப்புறம், கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது, அடர்த்திதான் கூடும்.

கே: எங்கள் வீட்டில் டிடிஎஸ் 90...

முதல் பதிலைப் பாருங்கள்.

கே: ஆர்.ஓ. விற்க வந்தவர் இரண்டு டம்ளரிலும் கம்பிகளை விட்டார். குழாய்த் தண்ணீர் பழுப்பாகிவிட்டது, ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அது என்ன சென்சார்?

சென்சாரே இல்லை, மின்னாற்பகுப்பு. கம்பியில் இருக்கும் இரும்பு கரைந்து துருவாகிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது. அதில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு மறுபடி கம்பியை விடச் சொல்லுங்கள்!

கே: நான் அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். உப்பு அதிகம் என்பதைத்தானே அது காட்டுகிறது? ஏமாற்று மாதிரி பேசுகிறீர்களே?

உப்பைக் காட்ட மீட்டரே போதுமே தம்பி. கம்பித் துருவைக் காட்டி ‘இதைத்தான் குடிக்கிறீர்கள்’ என்றால் அதற்கு வேறு என்ன பெயர்?

கே: அப்போ ஆர்.ஓ.வே வேண்டாமா?

எங்கே அப்படிச் சொன்னேன்? தர்மபுரிக்காரருக்கு அது உதவும். பயம் காட்டி விற்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

கே: கிருமிக்கு வீட்டு சென்சார்?

கட்டுப்படியாகிற விலையில் நம்பகமானது இல்லை. ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பியில் தண்ணீரை நிரப்பி ஒன்றிரண்டு நாள் வையுங்கள். கறுத்தால் மலக்கலப்பைச் சந்தேகிக்கலாம். கறுக்காவிட்டாலும் முழு உத்தரவாதம் இல்லை. குழாய் முனையில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். போலந்தின் வார்சாவில் சிப்பிகளையே காவலுக்கு வைத்திருக்கிறார்கள். தண்ணீர் கெட்டால் ஓடு மூடும், ஓட்டில் ஒட்டிய சென்சார் எச்சரிக்கும்.

கே: டிடிஎஸ் 240 சார்...

ஐயா!

கே: பிஎச் (அமில, காரத்தன்மை) அளக்கும் மின்முனையைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டு வைக்கலாமா?

கூடாது. பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள்.